மூன்றாவது மன்றாட்டு

முதலாவது ஆங்கிலத்தில்,
இரண்டாவது மாண்டரினில்,
மூன்றாவது தமிழில் என்றிருந்தது தாளில்.
தமிழுக்கு நேரே பெலிண்டா அடைக்கலராஜ்.
பெயரைப் பென்சிலால் அடித்து
மேலே என் பெயர்.
போன ஆண்டுத் தாளையே திருத்தியிருக்கிறார்கள்.

பெலிண்டா இப்போது தெம்பனிஸ் பக்கம்
பலதுறைத் தொழிற்கல்லூரியில்.
அக்டோபர்த் தேர்வில்
வேதியியலும் கணக்கும் அவளை
இரண்டாம் ஆண்டுக்கு விடவில்லை.
மாணவர் அட்டையை அலுவலகத்தில் கொடுத்தவள்
லாக்கர் பூட்டை என் கையில் வைத்தாள்.
"பூஜ்யம் ஏழு பூஜ்யம் மூணு.
காலேஜ் திருநாள், லா.
அன்னைக்குத்தான் ஐஸ்கிரீம் ஓசி."

தமிழ் வகுப்பில் ஆறு பேர் இருந்தோம், ஐந்தானோம்.
சிற்றாலயத்துக்குப் பின்னால்
நாற்காலிகள் அடுக்கிய அறை.
கிறிஸ்துமஸ் குடிலின் ஒட்டகம் ஒன்று
ஆண்டு முழுக்க எங்களோடு
இலக்கணம் படிக்கிறது.
அதன் முதுகில் சுல்ஃபிகர் பையை மாட்டுவான்.

நேற்று முன்தினம் புதன்.
கேண்டீன் வரிசையில் நெற்றி நெற்றியாகச் சாம்பல்.
வான்டன் மீ வாங்கும் கிளாரன்ஸ் டான்,
ஓடிவந்து பேருந்தைத் தவறவிட்ட மரிசெல்,
எல்லார் முகத்திலும்.
வெள்ளிக்கிழமை என் வீட்டில் பூசுவதுபோல் இல்லை,
கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் கோணல்.
போன ஆண்டு இதே வரிசையில்
பெலிண்டா சொல்லித்தான் தெரியும்:
"எங்க தமிழ்ப் பூசையில இதுக்குப் பேரே
திருநீற்றுப் புதன்."
இருவரும் சிரித்ததில்
அவள் தட்டில் குழம்பு சிந்தியது.

இன்று காலை ஏழு நாற்பது.
மண்டபத்தில் எண்ணூறு பேர்.
குளிரூட்டி வேலை செய்யவில்லை,
மின்விசிறிகள் பாதிரியார் குரலை
வெட்டி வெட்டிப் போட்டன.
அருட்தந்தை கோ என்னை அழைத்தார், "எலினி" என்று.
ழ-வை விட்டுவிட்டுத்தான் நான் மேடை ஏறினேன்.

பெரிய திரையில் என் மன்றாட்டு.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
புள்ளிகள் உதிர்ந்து,
எங்கிருந்தோ வந்த சின்னச் சின்ன வட்டங்கள்
எழுத்துகளுக்கு நடுவே.
கட்டி முடிக்காத வீவக வீடுபோல்
நின்றது தமிழ்.
யாரும் பதறவில்லை.
யாருக்கும் தெரியாது.

கையில் தாள் இருந்தது. வாசித்தேன்.
தேர்வெழுதும் மாணவர்களுக்காக
உம்மை மன்றாடுகிறோம்.
அங்கே முற்றுப்புள்ளி.
அங்கே நிறுத்தத்தான் நினைத்தேன்.

"பாதியில் வெளியே போனவர்களுக்காகவும்,
திரும்பிப் பார்க்காமல் பேருந்து ஏறியவர்களுக்காகவும்,
அடைக்கலம்..."

வாயில் வந்துவிட்டது பெயர்.
அடுத்த சொல் எதுவாக இருந்தாலும்
அது வேண்டுதல் ஆகியிருக்கும்,
அல்லது வருகைப் பதிவு.
"...தந்தருளும் என்று
உம்மை மன்றாடுகிறோம்."

எண்ணூறு பேரும் ஒரே குரலில்
ஆங்கிலத்தில் ஆமோதித்தார்கள்.
கல்லூரி முதல்வர்,
அவளை மேலே அனுப்ப முடியாது என்று
கடிதத்தில் கையெழுத்திட்டவர்,
கண்களை மூடி, அவரும்.
புரிந்திருந்தால்
கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

பன்னிரண்டாம் வரிசையில்
ஒரு தலை மட்டும் நிமிர்ந்தது.
வெளியே வரும்போது சுல்ஃபிகர் கேட்டான்:
"அந்த ரெண்டு வரி தாள்ல இருந்துச்சா?"
"இருந்துச்சு" என்றேன்.
"ஓகே" என்றான்.
பொய் என்று அவனுக்குத் தெரியும்;
ஒட்டகத்துக்கும் தெரிந்திருக்கலாம்.

இடைவேளையில் லாக்கரைத் திறந்தேன்,
பூஜ்யம் ஏழு பூஜ்யம் மூணு.
திரையின் படம் ஒன்றை எனக்காக
மரிசெல் எடுத்து வைத்திருந்தாள்.
பெலிண்டாவுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறிகள்.
நெடுநேரம் எதுவும் இல்லை.
அவளுக்கும் அங்கே வகுப்பு இருக்கும்.

பிறகு வந்தது:
"அய்யோ, கொம்பெல்லாம் தனியாப் போச்சே.
நீ எப்படி வாசிச்ச?"
அதற்கு நான் எழுதி எழுதி அழிப்பதற்குள்
அடுத்தது:
"இந்த வருஷம் என்ன ஐஸ்கிரீம்?"

சோளம், என்று அனுப்பினேன்.
குச்சி வழியே மணிக்கட்டுக்கு
வழிந்துகொண்டிருந்தது.